குரல்கள் அடங்கின, மறதி அடங்கவில்லை

மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு எனக்குக் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் படித்த பக்கம் மனதில் நிற்கவில்லை. அம்மா மூன்று வேலை சொன்னால், முதல் வேலையை முடிப்பதற்குள் மற்ற இரண்டும் மறந்துவிடும். வீட்டில் சோம்பேறித்தனம் என்றார்கள். மனநல மருத்துவர்தான் அறிதிறனை, அதாவது நினைவு, கவனம், யோசிக்கும் வேகம் போன்றவற்றை, அளந்து பார்க்கலாம் என்று மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார்.

உளவியலாளர் எடுத்தவுடன் சோதனையில் இறங்கவில்லை. தூங்கினேனா, எந்த மாத்திரையை எப்போது போட்டேன், எதுவரை படித்திருக்கிறேன், மனம் சோர்ந்திருக்கிறதா என்று விசாரித்தார். இவையும் மதிப்பெண்ணைப் பாதிக்குமாம். அம்மாவிடமும் தனியாகப் பேசினார். நம் தடுமாற்றம் நமக்கே முழுசாகத் தெரியாது என்பதால் இது ரொம்ப அவசியம்.

எனக்கு வைத்தது ‘பேக்ஸ்’ (BACS) என்ற, மனச்சிதைவு உள்ளவர்களின் அறிதிறனைச் சுருக்கமாக அளக்கும் சோதனைத் தொகுப்பு. அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். 15 சொற்களை வாசிப்பார், நினைவிருப்பதைச் சொல்ல வேண்டும். அதே பட்டியல் 5 முறை வரும். கலைத்துச் சொன்ன எண்களை வரிசைப்படுத்துவது, ஒரு நிமிடத்துக்குள் தோன்றும் பெயர்களைச் சொல்வது எல்லாம் உண்டு. அப்புறம் 100 பிளாஸ்டிக் வில்லைகளைப் பரப்பி வைத்தார். இரண்டு கையாலும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே நேரத்தில் டப்பாவில் போட வேண்டும். 60 நொடிதான். வலது கை போட்டு முடித்த பிறகுதான் என் இடது கை நகர்ந்தது. குறியீட்டுக்கு உரிய எண்ணை எழுதும் 90 நொடிச் சோதனையில், ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே இருந்த அட்டவணையைத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது.

இது பாஸ், ஃபெயில் பரீட்சை இல்லை. நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையும் இல்லை. எது எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். எனக்கு மிகவும் குறைந்திருந்தது வேகம். இந்த நோயில் அது பலருக்கும் குறைவதுண்டு என்றார். சொற்பட்டியலில் மட்டும் சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கை ஏறியிருந்தது. “திரும்பச் சொன்னால் உங்களுக்குப் பதிகிறது” என்றார். அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

கை நடுக்கத்துக்காக நான் சாப்பிட்டுவந்த ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையும் நினைவாற்றலை மந்தமாக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. மருத்துவர் அதைப் படிப்படியாகக் குறைத்தார். நாமாக நிறுத்தவே கூடாது. அதோடு அறிதிறன் மீட்புப் பயிற்சியும் தொடங்கியிருக்கிறது.

அம்மா இப்போது வேலைகளைத் தாளில் எழுதித் தருகிறார், ஒரு நேரத்துக்கு ஒன்று. பயிற்சி முடிந்ததும் மறுபடி சோதிப்பார்கள். பழைய சொற்கள் நினைவிலிருந்து உதவிவிடாதபடி வேறு பட்டியல் வைப்பார்களாம்.