பெருக்குறவங்க பேர் என்ன தாத்தா?

"கீழ போடு கண்ணு. காலைல பெருக்க வருவாங்க."

அப்பா சொன்னது இவ்வளவுதான். ஆகஸ்ட் விடுமுறைக்கு ராயபுரம் வந்திருந்தோம். ராபின்சன் பூங்காவில் வேர்க்கடலை தின்று முடித்த மகள், வெறும் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பெருக்குறவங்க பேர் என்ன தாத்தா?" என்று கேட்டாள். முப்பது வருடமாக அங்கே நடக்கப் போகும் அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் எனக்கும் இதையேதான் சொன்னார். நான் ஒன்றும் கேட்காமல் போட்டுவிட்டேன்.

தோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் நாங்கள் குடியேறி ஏழு வருடம் ஆகிறது. அங்கே பிள்ளைகளே வகுப்பறையையும் நடைவழியையும் துடைப்பார்கள். மகளைப் பள்ளியில் சேர்த்தபோது, 'ஜோகின்' என்ற தரைத்துணி தைத்து அனுப்பச் சொன்னார்கள். அம்மாவின் நைந்த பருத்திப் புடவையில் ஒன்று தைத்தேன். தைக்கும்போது அழுகை வந்தது.

பூங்காக்களில் பெரும்பாலும் குப்பைத்தொட்டி கிடையாது. முதல் வருடம் செர்ரிப் பூ பார்க்கப் போய், புளியோதரை தின்ற தட்டுகளோடு தொட்டி தேடி அலைந்தேன். பக்கத்துப் பாயிலிருந்த பாட்டி ஒரு பையை நீட்டி, வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிச் சைகை காட்டினார். அன்றிலிருந்து என் கைப்பையில் இரண்டு காலிப் பைகள் இருக்கும். கோடை விடுமுறையில் காலை 6.30 மணிக்கு வானொலி உடற்பயிற்சிக்குப் பிள்ளைகள் பூங்காவில் கூடுவார்கள். வந்தால் அட்டையில் ஒரு முத்திரை. பள்ளிக்கு எழுப்பினால் புரண்டு படுக்கிற மகள், அந்த முத்திரைக்குத் தானாகவே எழுந்துவிடுவாள்.

சரி, ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் அந்தப் பூங்கா மரங்களுக்குக் கீழே நின்றால் மனசு ராயபுரத்துக்கு ஓடிவிடுகிறது. எங்கள் வீடு ஒற்றை அறை. நான் பரீட்சைக்குப் படித்தது, தம்பி நடை பழகியது, அத்தையைப் பெண் பார்த்தது எல்லாம் ராபின்சன் பூங்காவில்தான். 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் அங்கே நடந்ததை என் தாத்தா கதை கதையாகச் சொல்வார். பிறகு அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர் மாறியது. எங்கள் வாயில் இன்னும் ராபின்சன்தான். வீட்டைவிட அதிகமாக அங்கே வாழ்ந்தோம். அதைப் பார்த்துக்கொள்வதை மட்டும் பெயர் தெரியாத ஒருவர் தலையில் கட்டிவிட்டோம். என் மனசு ஆறவே இல்லை.

மறுநாள் விடியும்போதே அப்பா பேத்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பெயரைக் கேட்டுவிட்டு வந்தவள், "அவங்க துடைப்பம் என்னைவிட உயரம்மா!" என்றாள்.

தோக்கியோ திரும்பிப் பெட்டியைப் பிரித்தபோது அவள் கவுன் பையில் அந்தப் பொட்டலம் இருந்தது. தமிழ் நாளிதழ்க் காகிதம். வறுத்த கடலை வாசனை இன்னும் போகவில்லை. குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.