வாட்டம் பார்த்து வளைதல்: ஆறு வாரப் பயிற்சிக் குறிப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டி, எங்கள் பழைய லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் செம்பனைக் குன்றிலிருந்து ஒரு தார்ச்சாலை இறங்குகிறது. ஆறு வாரமாக, வெயில் ஏறுவதற்குள் அங்கே சக்கரக் காலணியோடு இறங்கிக்கொண்டிருக்கிறேன். பனிச்சறுக்கு வீரர்கள் பனி இல்லாத மாதங்களில் இன்லைன் ஸ்கேட், அதாவது சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ள இந்தக் காலணி போட்டு வளைவுப் பயிற்சி செய்வார்கள். 2018-இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெப்ரி வெப் மலேசியாவுக்காகச் சறுக்கியபோதே எனக்கு இந்த ஆசை விழுந்துவிட்டது. 2022-இல் பெய்ஜிங்கில் அருவின் சலேஹுதின் இறங்கிய பிறகு அதை அடக்க முடியவில்லை.

முதல் மூன்று வாரம் ஒரே தவறுதான். சாலையின் நடுவே நேராக நின்று இடது, வலது என்று மாறிமாறி வளைவேன். வலப்பக்க வளைவு முடிவதற்குள் வேகம் செத்துவிடும். இடப்பக்க வளைவிலோ வேகம் கூடிக்கொண்டே போய், சாலையோர வாய்க்காலுக்கு ஒரு முழம் முன்னால்தான் கால் நிற்கும். இரண்டாம் வாரம் நிற்கவே இல்லை. முழங்கைத் தோல் போயிற்று. என் இடதுகாலில்தான் பலம் போதவில்லை என்று முடிவுகட்டி, அந்தக் காலுக்குத் தனியாகப் பயிற்சிகூடச் செய்தேன்.

பனிச்சறுக்குப் பாடம் எதை எடுத்தாலும் முதலில் வரும் சொல் ஃபால் லைன். ‘வீழ்ச்சிக்கோடு’ என்று மனத்துக்குள் மொழிபெயர்த்து, மேலிருந்து கீழே போகிற வழி என்று எடுத்துக்கொண்டேன். சாலை கீழே போகிறது, ஆகவே சாலைதான் ஃபால் லைன். குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

அதைத் தீர்த்துவைத்தவர் என் பெரியப்பா. நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். நான்காம் வாரம் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து நான் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வாட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்தாயா அய்யா?” என்று கேட்டார். தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கும் சரிவைத்தான் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். மைலோ டின்னில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, சாலையின் நடுவில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் சாலையோடு இறங்கவில்லை. ஒரு கை அகலத்துக்குப் பரவி நின்றது. பிறகு நாக்கு நீட்டியதுபோல் மெலிந்து, சாலையைக் கோணலாக வெட்டிக்கொண்டு இடப்பக்க வாய்க்காலை நோக்கி ஓடியது. வரப்பில் கிடந்த செம்பனை உதிரிப்பழம் ஒன்றை எடுத்து உருட்டினேன். அதுவும் ஈரத் தடத்தை ஒட்டியே போனது.

மழைநீர் தேங்காதிருக்க அந்தச் சாலையை இடப்பக்கம் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். கீழ்ச்சரிவும் பக்கச்சரிவும் சேர்ந்தால் வருவது அந்தக் கோணல் கோடு. நின்ற இடத்தில் ஒரு பந்தைக் கைவிட்டால் எந்தத் திசையில் உருளுமோ, அதுதான் ஃபால் லைன்; அந்த இடத்தின் மிகச் செங்குத்தான இறக்கம். பாதை எங்கே போகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பனிமலைகளிலும் பாதை ஒரு பக்கமும் சரிவு இன்னொரு பக்கமும் இழுக்கும் இடங்கள் உண்டு. அங்கே பழகியவர்களும் கவனமாகத்தான் இறங்குவார்கள்.

கட்டடக்காரர்கள் ‘வாட்டம்’ என்று சொல்லும்போது அதில் தண்ணீர் இருக்கிறது, திசை இருக்கிறது, கையால் சரிபார்க்கும் வழியும் இருக்கிறது. வாடிய முகத்தின் வாட்டம் வேறு, இது வேறு. என் குறிப்பேட்டில் ‘வீழ்ச்சிக்கோடு’ என்பதை அடித்துவிட்டு ‘வாட்டக்கோடு’ என்று எழுதிக்கொண்டேன். இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சொல் சரியானதும் வளைவின் கணக்கும் புரிந்தது. கால்கள் வாட்டக்கோட்டை நேராக நோக்கும் கணத்தில்தான் வேகம் ஏறுவது மிக அதிகம். அதைக் கடந்து குறுக்கே திரும்பத் திரும்ப வேகம் தணியும். என் கோடு இடப்பக்கம் சாய்ந்திருந்ததால், வலப்பக்கம் திரும்பும்போது அதை முதலிலேயே கடந்துவிட்டேன். இடப்பக்கம் திரும்பும்போது வளைவின் கடைசியில்தான் அது வந்தது. வேகத்தைத் தணிக்க மிச்சமிருந்த இடம் வாய்க்கால். காலில் குறை எதுவும் இல்லை.

ஐந்தாம் வாரம் ஈரத் தடத்தின் மேலேயே சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். சாலையை மறந்துவிட்டு, அந்தக் கோட்டுக்கு இருபுறமும் சமமாக வளைந்தேன். இரண்டு வளைவுக்குள் கோடு ஓரத்துக்குப் போய்விடும். அங்கிருந்து சரிவுக்குக் குறுக்கே, செம்பனை நட வெட்டிய மண் தட்டுகள் குன்றைச் சுற்றுவதுபோல், மட்டமாக நடந்து வலப்பக்கம் வந்து புதுக்கோட்டில் தொடங்குவேன். வாட்டத்துக்குச் செங்குத்தாகக் காலை வைத்தால் சக்கரம் உருளவே உருளாது. அந்த நிலை கைவந்ததும் பயம் பாதி குறைந்தது.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லவேண்டும். பனிச்சறுக்குப் பலகை பக்கவாட்டில் வழுக்கும். அந்த உராய்விலும் வேகம் குறையும். சக்கரம் அப்படி வழுக்காது. வளைவை முழுதாக முடித்துக் குறுக்கே வந்தால்தான் தணியும். அதனால் அரைகுறை வளைவு இங்கே ஆபத்து.

இன்னும் பிடிபடாதது உடம்பின் சாய்வு. புதிய வளைவைத் தொடங்க, உடம்பு வாட்டக்கோட்டின் பக்கம், அதாவது இறக்கத்தை நோக்கி, துணிந்து போகவேண்டும். எடை வெளிக்காலுக்கு, அதாவது வளைவின் வெளிப்பக்கம் இருக்கும் காலுக்கு, மாறவேண்டும். எனக்கு அந்தக் கணத்தில் மேட்டுப்பக்கமே சாயத் தோன்றுகிறது. சாய்ந்தால் எடை உள்காலில் நின்று, வளைவு பாதியில் அறுந்துவிடுகிறது. நேற்று பதினான்கு முறை இறங்கியதில் ஐந்து முறை மட்டும் எடை சரியாக மாறியது.

இரவு பெய்த மழையில் சுண்ணக்கோடு அழிந்துவிட்டது. காலையில் மைலோ டின்னோடு போய்த்தான் மறுபடி வரையவேண்டும்.