காங்கேயத்து அக்காவுக்கு 41 பவுண்டு

என் பிள்ளைகளையும் தன் காரில் பள்ளிக்குக் கூட்டிப்போகும் அக்காவுக்கு 40 பவுண்டு அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. இங்கே இங்கிலாந்தில் வங்கிச் செயலியில் பணம் போடும்போது எதற்கென்று 18 எழுத்துக்குள் ஒரு குறிப்பு எழுதலாம். நான் ‘ஸ்கூல்’ என்று எழுதியிருந்தேன். திருப்பிப் போட்ட அக்கா ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தார்: ‘வேன்காரி இல்லீங்க.’

அந்த ‘ங்க’தான் சுருக்கென்று குத்தியது. அக்கா என்னை எப்போதும் ‘அம்மணி, வா, போ’ என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கம் ‘ங்க’ போடுவது மரியாதை. ஆனால் நெருங்கிப் பழகியவர் ஒரு நாள் திடீரென்று ‘ங்க’ போட்டால், வாசல் கதவைச் சாத்திவிட்டார் என்று பொருள். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் கோபிப் பக்கம். அக்கா காங்கேயம். மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு நாங்கள் வந்து 14 மாதம் ஆகிறது. வந்தபோது வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடமில்லை. கிடைத்த பள்ளி 1.8 மைல் தள்ளி. எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு 2 மைலுக்கு மேல் இருந்தால்தான் இங்கே இலவச வண்டி. பெரிய பிள்ளைக்கு 3 மைல். என் மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு ஒன்பது. இரண்டு பேருக்கும் கிடையாது. ஊர் லைசென்ஸ் இங்கே குடியேறி 12 மாதம்தான் செல்லும். கோபி முழுக்க ஸ்கூட்டி ஓட்டியவள், இங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 43 சரியாக இருக்க வேண்டும், அது தேறிவிட்டது. வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு மார்ச்சில்தான் தேதி கிடைத்தது.

வீட்டுக்காரர் விடியற்காலை ரயிலில் லண்டன் போய்விடுவார். எனக்கு 8.10க்கு எதிர்த்திசையில் பஸ். அக்காவின் இரண்டு பிள்ளைகளும் அதே பள்ளி. “நாந்தான் போறனே, அதோட உன்ற பிள்ளைகளும் உக்காந்துக்கட்டும்” என்றார். செப்டம்பரிலிருந்து அப்படித்தான். இங்கே 135 சென்டிமீட்டர் உயரமோ 12 வயதோ ஆகும்வரை பிள்ளைகளுக்குக் காரில் தனி இருக்கை வேண்டும். பின்சீட்டில் மூன்றை நெருக்கி வைத்து, அக்காவின் மூத்த பெண்ணை முன்னால் உட்கார வைத்து, குளிரில் விரல் விறைக்க ஒவ்வொரு பெல்ட்டாக மாட்டுவார். ஜன்னல் வழியே தினமும் அதைப் பார்ப்பேன்.

ஊரில் இப்படி ஒரு கணக்கே வந்ததில்லை என்று முதலில் நினைத்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணையும் என்னையும் அப்பா டிவிஎஸ் 50யில் ஏற்றிக்கொண்டு போவார். நான் முன்னால் நின்றுகொள்வேன், அவள் பின்னால். யாரும் காசு கொடுக்கவில்லை. ஆனால் யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. அந்த வீட்டிலிருந்து வாழைத்தார் வரும். முருங்கைக்காய் கட்டுக் கட்டாக வரும். எங்கள் மாடு பால் வற்றிய மாதங்களில் ஒரு சொம்பு பால் வந்துகொண்டே இருக்கும். எங்கள் தோட்டத்தில் மஞ்சள் வெட்டும்போது அந்த அத்தை கூலி பேசாமல் வந்து நிற்பார். அவர்கள் வெட்டுக்கு அம்மா போவார். ஒன்றும் சும்மா நடக்கவில்லை.

எங்கள் அப்பாருவிடம், அதாவது தாத்தாவிடம், ஒரு மொய் நோட்டு இருந்தது. ஊர், பெயர், தொகை. யார் வீட்டு விசேஷத்துக்குப் புறப்பட்டாலும் முதலில் அதைப் புரட்டுவார். அவர்கள் நமக்கு 11 ரூபாய் எழுதியிருந்தால் இவர் 21 எழுதிவிட்டு வருவார். அன்பு இல்லாததால் எழுதி வைக்கவில்லை. அடுத்தவர் நமக்குச் செய்தது மறந்துபோகக் கூடாது என்றுதான்.

இங்கே வாழைத்தார் இல்லை. ஒரு டப்பா முறுக்கும் ஒப்புட்டும் கொடுத்தால் ஆயிற்றா?

பணம் திரும்பி வந்த அன்று ராத்திரி காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக்கு வருவதால் அக்காவுக்குக் காலையில் ஒன்றரை மைல், மாலையில் ஒன்றரை மைல் கூடுதல். அந்த 3 மைல் முழுக்க என் பொறுப்பு. எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் போக வர 3.6 மைல், அதில் பாதி என் பங்கு. ஆகமொத்தம் நாளுக்கு 4.8 மைல். வேலைக்காகச் சொந்தக் காரை ஓட்டுகிறவர்களுக்கு மைலுக்கு 45 பென்ஸ் என்று அரசு 2011இல் வைத்த கணக்கு ஒன்று உண்டு; பெட்ரோல், டயர், தேய்மானம் எல்லாம் அதில் அடங்கும். அதன்படி நாளுக்கு 2.16 பவுண்டு. பள்ளி ஆண்டுக்கு 190 நாள். 410 பவுண்டு 40 பென்ஸ். பத்து மாதமாகப் பிரித்தால் மாதம் 41. நான் குத்துமதிப்பாகப் போட்டது ஒரு பவுண்டு குறைச்சல்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “நம்ம ஊர்க்காரங்களுக்குள்ள காசா? கேவலமா நினைப்பாங்க” என்றார். எனக்குக் கோபம் வந்தது. நம்ம ஊர்க்காரர் என்ற சொல் எப்போதும் பெண்களின் நேரத்தைத்தான் சும்மா கேட்கிறது. ஊரில் பள்ளி வேன் அண்ணனுக்கு மாதம் பிறந்தால் காசு கொடுத்தோம், தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தோம். அதில் யாருக்கும் கேவலம் வரவில்லையே.

இதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் எனக்கு உண்மை தெரிந்தது. அக்காவின் மூத்த பெண் எங்கள் வீட்டில் பால் குடித்துக்கொண்டே சொன்னாள், “அம்மா நாலு மணி ஷிப்ட் வேண்டாம்னுட்டாங்க ஆன்ட்டி. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனா லேட் ஆயிருமாம்.”

அக்கா ஒரு கிடங்கில் பகலில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் நாலு முதல் எட்டு வரை கூடுதல் ஷிப்ட் கொடுத்திருக்கிறார்கள். நான் வேலை முடிந்து வீடு சேரும்போதே நாலு ஆகிவிடும். அதுவரை என் பிள்ளைகளைக் காரிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். 2025 ஏப்ரலிலிருந்து ஓர் ஆண்டுக்கு, 21 வயது நிரம்பியவர்களுக்கு இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. வாரம் இரண்டு சாயங்காலம் போயிருந்தாலே 97 பவுண்டுக்கு மேல். இரண்டு மாதமாக வாய் திறக்காமல் அதை எனக்காக விட்டிருக்கிறார். நான் மாதம் 40 பவுண்டு போட்டுவிட்டு நியாயமாக நடந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் அரிசியும்பருப்பும் செய்து எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கே போனேன். பேச்சு எடுத்ததும், “ஏம்மணி, நாளைக்கு நான் உன்ற வீட்ல சோறு தின்னா அதுக்கும் பில்லுப் போடட்டுமா?” என்றார். சட்டத்தைச் சொன்னேன். பகிர்ந்து போகிற காரில் செலவுப் பங்கு வாங்கலாம், லாபம் வைக்கக் கூடாது, பயணம் தொடங்குமுன் பங்கைப் பேசி முடித்திருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. அக்காவுக்கு இது பிடித்தது. “லாபம் வேண்டாங்கறது சரி, அப்பறம் நான் வேன்காரி ஆக மாட்டனல்லொ” என்றார்.

நேரத்தை மட்டும் காசாக்க முடியாது. அது லாபமாகிவிடும். நேரத்துக்கு நேரம்தான் கொடுக்க வேண்டும். வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி முதல் நாளிலிருந்தே கேட்கும் உரிமை 2024 ஏப்ரலில் இங்கே வந்திருக்கிறது. கேட்டேன். திங்களும் வியாழனும் காலையில் முன்னதாகப் போய் இரண்டரைக்குக் கிளம்பிவிடலாம் என்றார்கள். அந்த இரண்டு நாளும் அக்கா ஏழு மணிக்கே என் பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறார். சாயங்காலம் நான்கு பிள்ளைகளையும் நான் நடத்தியே கூட்டி வருகிறேன். அக்கா ஷிப்டுக்குப் போகிறார்.

நடப்பதற்கும் சைக்கிளுக்கும் என்றே செந்நிறப் பாதைகள் இந்த நகரம் முழுக்க இருக்கின்றன. நாங்கள் வரும் வழியில் பான்கிராஃப்ட் புல்வெளியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கான்கிரீட் மாடுகள் நிற்கும். 1978இல் ஒரு சிற்பி செய்தவற்றின் நகல்கள். முதன்முதலில் அவற்றைப் பார்த்தபோது அக்கா, “திமிலே இல்லாத மாட்டுக்கு இத்தன பேரும் புகழுமா?” என்று கேட்டாராம். காங்கேயங் கன்று பிறக்கும்போது செவலை, ஆறு மாதம் போனால் சாம்பல் நிறம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த ஊர் பழகிவிட்டது, பஸ்ஸும் மழையும் பழகிவிட்டன. ஆனாலும் அந்தப் பாதையில் திரும்பும்போது தடப்பள்ளி வாய்க்கால் கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த சாயங்காலங்கள் வந்துவிடுகின்றன. தண்ணீர் விட்ட நாளில் வரும் அந்தச் சேற்று வாசம் இங்கே எந்த மழையிலும் இல்லை. மகள் கையை இழுத்து, “அம்மா, ஏன் நின்னுட்டீங்க?” என்றாள்.

டிசம்பர் முதல் தேதி 41 பவுண்டு போட்டேன். குறிப்பில் ‘மொய்’ என்று எழுதினேன். திரும்பி வரவில்லை. ராத்திரி அக்கா ஒரு புகைப்படம் அனுப்பினார். புது நோட்டு, மேலே பிள்ளையார் சுழி, கீழே என் பெயர், ஊர் கோபி, 41 பவுண்டு. அடுத்த வரியில்: திங்கள், வியாழன், நடை. கூடவே ஒரு குரல் செய்தி:

“மார்ச்சுல லைசென்ஸ் வாங்கிப்போட்டு வந்துரு, அம்மணி. அப்பறம் நீ ஓட்டு, நான் மொய் எழுதறேன்.”