பயந்தாங்கொள்ளி பிளான்ஷ்

எங்கள் கொன்வென்ட்டில் சமய பாடத்துக்குச் சைவப் பிள்ளைகள் வேறு வகுப்புக்குப் போய்விடுவோம். ஹொஸ்டலில் இரவுப் படிப்பு முடிந்து சிஸ்டர் கதை சொல்லும்போது மட்டும் அந்தப் பிரிவு கிடையாது. கெர்ட்ரூட் ஃபொன் லெ ஃபோர்ட் 1931இல் ஜெர்மன் மொழியில் எழுதிய ஒரு சிறு நாவலை (ஆங்கிலத்தில் The Song at the Scaffold) அப்படித்தான் கேட்டேன். பிரெஞ்சுப் புரட்சியில் அகப்பட்ட கன்னியாஸ்திரிகளின் கதை அது.

நாயகி பிளான்ஷ் பிறவியிலேயே பயந்தவள். பட்டத்து இளவரசரின் திருமண வாணவேடிக்கையில் சனம் நெரிபட்டு ஓடிய அன்று குறைமாதத்தில் பிறந்தவள். தாயும் அதோடு போய்விட்டாள். உலகத்துக்குப் பயந்து கொம்பியேன் என்ற ஊரின் கார்மேல் கன்னியர் மடத்தில் சேர்கிறாள். புரட்சி அங்கேயும் வருகிறது. 1790இல் துறவு வாக்குகளைச் சட்டம் செல்லாமல் ஆக்கியது. 1792இல் சகோதரிகளை மடத்தைவிட்டே வெளியேற்றினார்கள். துணிச்சல்காரியான மரி சகோதரி, உயிரைக் கொடுக்க எல்லோரும் நேர்ந்துகொள்வோம் என்கிறார். பிளான்ஷ் ஓடிவிடுகிறாள்.

1794 ஜூலை 17. அந்த மடத்தார் 16 பேர் பாரிஸில் பாடிக்கொண்டே, தலைவெட்டும் கில்லட்டின் மேடை ஏறியது வரலாறு. பத்தே நாளில் புரட்சித் தலைவர் ரொபெஸ்பியேர் விழுந்தார். பிளான்ஷ் மட்டும் கற்பனை. நாவலில் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. கடைசிக் குரலும் நின்றதும், கூட்டத்துக்குள்ளிருந்து பிளான்ஷ் அந்தப் பாட்டைப் பாடி முடிக்கிறாள். கூட்டம் அவளை அங்கேயே அடித்துக் கொல்கிறது. சாக ஆசைப்பட்ட மரிக்கு வாய்த்தது உயிரோடு இருப்பதுதான்.

பிறகு நானே வாசித்தேன். முழுவதும் ஒரு பிரபுவின் கடிதமாக வருவதால் தொடக்கம் கொஞ்சம் இழுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சிஸ்டரும் பயந்தவர்தான். போர்க்காலத்தில் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் முதலில் இறங்குவது அவர். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். 1995 ஒக்டோபர் 30 இரவு ராணுவம் நெருங்கி வர யாழ்ப்பாணமே ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, நாவற்குழிப் பக்கம் அந்த நெரிசலில் ஹொஸ்டல் பிள்ளைகளை முன்னே விட்டு, எண்ணி எண்ணிக் கடைசியாக நடந்தவரும் அவர்தான். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. மரியை அவ்வளவாகப் பேசாமல் பிளான்ஷையே ஏன் திரும்பத் திரும்பச் சொன்னார் என்பது எனக்கு அதன் பிறகுதான் விளங்கியது.

அந்த 16 பேரையும் 2024 டிசம்பரில் பாப்பரசர் புனிதர்களாக அறிவித்தார். பாரிஸின் பிக்பூஸ் கல்லறைத் தோட்டத்தில், அந்தக் கோடையில் தலை வெட்டப்பட்ட மற்ற ஆயிரத்துச் சொச்சம் பேரோடு பொதுக் குழிகளில் கிடக்கிறார்கள். நாசியோன் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். பிற்பகலில்தான் திறப்பார்கள். பாரிஸ் வருகிற பழைய மாணவிகள் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.