பெட்டிக்குள்ள பாவாடை நாடா: 200 சுத்து ஓவர், முடிச்சு போட்டது பெட்டியா நானா?

கயிறு தானா முடிச்சு விழுதான்னு பார்க்க ஒரு பெட்டி, அதைச் சுத்த ஒரு மோட்டார், இதான் நம்ம சோதனை. போன மாசம் அந்த மோட்டார் வேலை முடிஞ்ச குஷியில "இனிமே என்ன, சுத்தி விட்டு எண்ணுறது மட்டும்தான் பாக்கி"ன்னு எழுதியிருந்தேன்ல, அந்த வாயை ஊசி நூல் வச்சு தைக்கணும். எண்ணுறதுதான் இதுல பெரிய வேலையே. மோட்டார், பெட்டி, டைமர் எல்லாம் அதுக்கு முன்னாடி தூசு.

புதுசா படிக்கிறவங்களுக்கு ரெண்டே வரி. பாக்கெட்ல போட்ட இயர்போன் ஒயர் ஏன் தானா முடிச்சு விழுதுன்னு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ கேம்பஸ்ல டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித்னு ரெண்டு பேர் 2007ல ஒரு ஆராய்ச்சிப் பேப்பர் போட்டாங்க, 2008ல இக் நோபல் (முதல்ல சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்குற பரிசு) வாங்கினாங்க. 30 சென்டிமீட்டர் சதுரப் பெட்டிக்குள்ள கயிறைப் போட்டு, நொடிக்கு ஒரு சுத்துன்னு பத்து சுத்து விட்டுட்டு, திறந்து பார்த்து முடிச்சு இருக்கா இல்லையான்னு பார்த்தாங்க. அதை 3,415 தடவை பண்ணியிருக்காங்க, 120 வகை முடிச்சு கிடைச்சிருக்கு. அதைத்தான் நான் குரோம்பேட்டைல ஒரு பால்கனில பண்ணிக்கிட்டு இருக்கேன். ஏன்னு கேக்காதீங்க, வீட்ல ஏற்கனவே கேட்டாச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். முதல் 50 சுத்து (பெட்டியை ஒரு தடவை ஓட்டி, திறந்து பார்க்கிறதைத்தான் ஒரு சுத்துன்னு எண்ணுறேன்), 2 மீட்டர் நாடா. அதுல 37 முடிச்சு! 74 சதவீதம்! அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. பேப்பர்ல கயிறு நீளம் ஏற ஏற முடிச்சு வேகமா ஏறி, ஒண்ணரை மீட்டருக்கு மேல சுமார் 50 சதவீதம் கிட்ட வந்து அப்படியே நின்னுடுது. எனக்கு மட்டும் 74 வருதுன்னா நம்ம பாவாடை நாடா ரொம்ப சுலபமா வளைஞ்சு கொடுக்கிற ரகம், விறைப்பு கம்மி, அதனால முடிச்சு ஜாஸ்தின்னு நானே ஒரு தியரி ரெடி பண்ணி, அதுக்கு கிராஃப் கூட போட்டு வச்சுட்டேன்.

மறுநாள் என் பொண்ணு (எட்டாவது படிக்குறா, கிராசிங், அதாவது கயிறு தன்னையே தாண்டுற இடத்துல எந்த இழை மேல எது கீழன்னு சொல்ற வேலை அவளோடது) சும்மா கேட்டா, "அப்பா, சுத்தாமலே எடுத்தா முடிச்சு விழாதா?" விழாதுடா கண்ணு, எப்படி விழும்னு சொல்லிட்டு, அவளுக்குக் காட்டுறதுக்காக நாடாவை பெட்டிக்குள்ள போட்டு, மூடி, சுத்தாம, திறந்து எடுத்தேன். முடிச்சு. இன்னொரு தடவை. இல்லை. இன்னொரு தடவை. இல்லை. அடுத்தது முடிச்சு. 20 தடவைல 6 முடிச்சு, பெட்டி ஒரு இன்ச் கூட நகராம.

அதாவது அந்த 37ல எத்தனை பெட்டி போட்டது, எத்தனை என் கை போட்டதுன்னு எனக்கே தெரியாது. கிராஃபைக் கிழிச்சுப் போட்டேன்.

இது புரிய ரெண்டு நாள் ஆச்சு. நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னா, திறந்ததும் கண்ணுல படுற நுனியைப் பிடிச்சு சர்ருன்னு இழுக்குறது. குவியலுக்குள்ள வளையம் வளையமா கிடக்கிற கயிறுல, ஒரு நுனியை மட்டும் வெளியே இழுத்தா அடுத்த நுனி அந்த வளையத்துக்குள்ள நுழைஞ்சு வரும், வந்தா முடிச்சு. எங்க அம்மா முப்பது வருஷமா பூ கட்டுறவங்க, நூல்கண்டு சிக்கிக்கிட்டா எப்பவும் நுனியைத் தேட மாட்டாங்க, மொத்தத்தையும் உள்ளங்கைல வச்சு லேசா உதறி உதறி இளக்குவாங்க. "நுனியைப் பிடிச்சு இழுத்தா சிக்கு முடிச்சாயிடும்டா"ன்னு சின்ன வயசுலயே சொல்லியிருக்காங்க. பேப்பர்லயும் இதே ஜாக்கிரதை இருக்கு: ரெண்டு நுனியையும் நேரா மேல தூக்கி, ஒண்ணோட ஒண்ணு சேர்த்து வளையமாக்கிட்டுதான் பார்த்திருக்காங்க. நான் அந்த வரியைப் படிச்சேன், படிச்சுட்டு தாண்டிட்டேன்.

சிக்கும் முடிச்சும் வேற வேறன்னு நம்ம மொழிக்கு எப்பவோ தெரியும், கணக்குக்காரங்க சொல்றதும் அதேதான். சிக்கு எவ்வளவு அசிங்கமா இருந்தாலும், ரெண்டு நுனியையும் ஒட்டி வளையமாக்கிட்டு பொறுமையா இளக்கினா வெறும் வளையமாயிடும். முடிச்சு ஆகாது. நுனியை ஒட்டினதுக்கப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் புது முடிச்சும் விழாது, இருக்கிறதும் போகாது. அதனால எல்லா பாவமும் புண்ணியமும் மூடியைத் திறக்கிற நொடிக்கும் நுனியை ஒட்டுற நொடிக்கும் நடுவுலதான்.

அந்த நடு நொடிக்காக மூணு வாரம் போச்சு. முதல்ல நுனி ரெண்டுலயும் நெயில் பாலிஷ் (ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்சை, பச்சை நெயில் பாலிஷ் வீட்ல இருந்தது எனக்கே அதிசயம்). அது நுனி பிரியாமலும் பார்த்துக்குது. அப்புறம் ரெண்டு கையிலயும் ஆளுக்கொரு சாமணம், ரெண்டு நுனியையும் ஒரே நேரத்துல நேரா மேல. சுலபமா இருக்குல்ல? நுனி குவியலுக்கு மேல கிடந்தா சுலபம்தான். நுனி அடியில புதைஞ்சு கிடந்தா என்ன பண்றது? மேல இருக்கிற வளையத்தை விலக்கினா, எந்தப் பக்கம் விலக்குறேன்ங்கிறதை வச்சு முடிச்சு விழலாம், விழாமலும் போகலாம். அப்ப முடிவு பண்றது பெட்டி இல்ல, நான்.

குரோஷே ஊசி வச்சுப் பார்த்தேன். பெட்டியைத் தலைகீழா கவுத்து அடியிலேர்ந்து எடுத்துப் பார்த்தேன், அப்ப மேல இருந்த நுனி அடிக்குப் போயிடுது, அதே கதை. நுனில சின்ன பாசிமணி கோர்த்துப் பார்த்தேன், கனத்துல நுனி எப்பவும் அடியிலயே போய் உக்காந்துக்குது, இன்னும் மோசம். கடைசில தோல்வியை ஒத்துக்கிட்டு ஒரு விதி வச்சேன்: நுனி மேல ஒரு இழை மட்டும் கிடந்தா, அந்த இழையை எந்தப் பக்கம் தூரம் கம்மியோ அந்தப் பக்கம் விலக்கு, ரெண்டு இழை கிடந்தா தொடாதே, "சந்தேகம்"னு தனி கட்டத்துல எழுதிட்டு அடுத்த சுத்துக்குப் போ. இது சரியான்னு சண்டை போடலாம், வாங்க. ஆனா இந்த விதியோட மறுபடியும் சுத்தாம எடுக்கிற சோதனையை 40 தடவை பண்ணேன், ஒரே ஒரு முடிச்சு. 20க்கு 6 எங்க, 40க்கு 1 எங்க.

அதுக்கப்புறம்தான் நிஜமான 200. சந்தேகக் கட்டத்துல 17 போச்சு, மீதி 183ல 79 முடிச்சு. 43 சதவீதம். கூட்டிக் கழிச்சா ஏழு சதவீதம் அப்படி இப்படி இருக்கலாம், அதனால அவங்க 50 கிட்ட சொன்னதுக்கு நான் விரோதி இல்ல. 40 சென்டிமீட்டர் துண்டை 50 தடவை சுத்தினேன், ஒண்ணு கூட விழல. பேப்பர்லயும் 46 சென்டிமீட்டருக்குக் கீழ முடிச்சே இல்ல. இதைப் பார்த்ததும் எனக்கு 43ஐ விட சந்தோஷம், ஏன்னா பூஜ்யத்துல என் கை கலக்கலன்னு அர்த்தம்.

ஏன் விழுதுங்கிறதுக்கு அவங்க கொடுத்த விளக்கம் நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப சுலபம். பெட்டிக்குள்ள கயிறு சுருள் சுருளா படியுது, நுனி மட்டும் அந்தச் சுருளுங்க பக்கத்துல சும்மா கிடக்கு. ஆட்டம் ஆட ஆட நுனி பக்கத்து இழைக்கு மேல போகும், அடுத்ததுக்குக் கீழ வரும், மறுபடியும் மேல. ஜடை பின்னுறதுதான், பின்னுற ஆளுக்கு மட்டும் கண்ணைக் கட்டி விட்டாச்சு. நாலஞ்சு தடவை மேல கீழ போனாலே முடிச்சுக்கு போதும். கட்டை கயிறுக்கு சுருள் போடவே இடம் பத்தாது, அதான் 40 சென்டிமீட்டர்ல ஒண்ணும் இல்ல. ரொம்ப விறைப்பான கயிறும் பெட்டி சுவரை முட்டிக்கிட்டு ஆடாம நின்னுடும், முடிச்சு கம்மி.

சைடுல ஒண்ணு, மோட்டார் கேட்டவங்களுக்கு: ரிச்சி ஸ்ட்ரீட்ல 12 வோல்ட் 60 ஆர்பிஎம் கியர் மோட்டார் வாங்காதீங்க, நானும் அதான் வாங்கினேன், பெட்டி கனத்துக்கு நொடிக்கு ஒரு சுத்து வரவே இல்ல, மூக்கடைச்ச மாதிரி சுத்துது. 100 ஆர்பிஎம் வாங்கி ஸ்பீடு கன்ட்ரோலர் போட்டு குறைச்சுக்குங்க. கப்ளிங் ஸ்க்ரூ முப்பது சுத்துக்கு ஒரு தடவை லூஸ் ஆகும், ஷாஃப்ட்ல அரத்தால ஒரு தட்டை முகம் எடுத்துட்டா நின்னுடும். பெட்டிக்கு அக்ரிலிக், நேம் போர்டு பண்ற கடைல மீதி விழுந்த துண்டு, வெட்டி ஒட்டிக் கொடுத்தார், "என்ன சார், குலுக்கல் சீட்டா?"ன்னு கேட்டார், ஆமான்னுட்டேன். ஆன்லைன்ல ஒரு இடத்துல ஆர்டர் போட்ட மேக்ரமே கயிறு 3 மில்லிமீட்டர்னு சொல்லி 5 அனுப்பினாங்க, திருப்பி எடுக்க மாட்டாங்களாம். அதான் பாவாடை நாடாவுக்கு வந்தேன், தட்டை நாடா இல்ல, உருண்டை நாடா, டெய்லரிங் சாமான் கடைல கேட்டா மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க. நைலான் வேணாம், அக்ரிலிக்ல ஸ்டாட்டிக் பிடிச்சு சுவர்ல பல்லி மாதிரி ஒட்டிக்குது.

இப்ப ஓடுற வேலை, எந்த முடிச்சுன்னு கண்டுபிடிக்கிறது. 1984ல வான் ஜோன்ஸ்னு ஒரு கணக்கு மேதை கண்டுபிடிச்ச பாலினாமியல் இருக்குல்ல, முடிச்சு வகையைப் பிரிச்சுப் பார்க்க உதவுற ஒரு கணக்குக் கோவை (அதுக்கு 1990ல ஃபீல்ட்ஸ் மெடல், கணக்குல பெரிய பரிசு), ரேமரும் ஸ்மித்தும் ஃபோட்டோவை வச்சு கம்ப்யூட்டர்ல அதைத்தான் கணக்கு போட்டாங்க. நானும் பைத்தான்ல எழுதிக்கிட்டேன். ஒவ்வொரு கிராசிங்கையும் ரெண்டு விதமா வெட்டிப் பார்க்கணும், 11 கிராசிங்னா 2048 வெட்டு, கம்ப்யூட்டருக்கு தும்முற நேரம். கஷ்டம் எனக்கும் பொண்ணுக்கும்தான். நுனி ஒட்டின நாடாவை கறுப்பு சார்ட் பேப்பர்ல பரப்பி, ஃபோட்டோ எடுத்து, ஒரு இடத்துல ஆரம்பிச்சு கயிறோடயே விரல் வச்சு நடக்கணும், "மேல, கீழ, கீழ, மேல"ன்னு. ஒரே ஒரு மேலயைக் கீழன்னு எழுதிட்டா மூணு கிராசிங் முடிச்சு முடிச்சே இல்லன்னு ஆயிடும். அப்படி நாலு தடவை ஆச்சு. ஃபோன் டார்ச்சை மேஜை மட்டத்துக்கு பக்கவாட்டுல வச்சா, மேல போற இழையோட நிழல் கீழ போற இழை மேல விழும், அதுக்கப்புறம் தப்பு வரல. வெள்ளை நாடாவுக்கு மட்டும்தான் இந்த வித்தை.

இதுவரைக்கும் 79ல 58 முடிஞ்சுது. மூணு கிராசிங் 27, நாலு கிராசிங் (எட்டு மாதிரி இருக்குமே அது) 9, அஞ்சு கிராசிங் 10, அதுக்கு மேல 12. கிராசிங் ஏற ஏற சரசரன்னு குறையும்னு பேப்பர்ல சொன்னதுக்கு அஞ்சு கிராசிங் மட்டும் அடம் பிடிக்குது, ஆனா அஞ்சுல ரெண்டு வகை இருக்கு, நாலுல ஒண்ணுதான், அதனாலயும் இருக்கலாம். அவங்களுக்கு ஏழு கிராசிங் வரைக்கும் இருக்கிற 14 முடிச்சும் கிடைச்சிருக்கு. எனக்கு இதுவரை 8.

கண்ணால பார்த்தே சொல்லிடலாமேன்னு ஒரு நண்பர் சொன்னார். சொல்லலாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுல கையால பட்டியல் போட்டவங்களும் அப்படித்தான் சொன்னாங்க. அந்தப் பட்டியல்ல பத்து கிராசிங்ல ரெண்டு முடிச்சை வேற வேறன்னு எழுதி வச்சிருந்தாங்க, 1974ல நியூயார்க் வக்கீல் கென்னத் பெர்கோ ரெண்டும் ஒண்ணுதான்னு காட்டினார். அதனால நான் 12வது முடிச்சுலயே கண்ணை நம்புறதை விட்டுட்டேன்.

வீட்டுக்காரம்மா தரப்பு: "இதுக்கெல்லாம் பரிசு வேற கொடுக்குறாங்களா?" கேரளா வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க யானையோட மேல்பரப்பு எவ்வளவுன்னு கணக்கு போட்டு 2002ல இதே இக் நோபலை வாங்கினாங்கன்னு சொன்னேன். யானையாவது பெரிய விஷயம், நீங்க பாவாடை நாடாங்கிறாங்க. என்ன பதில் சொல்றது.

1 மீட்டரும் 3 மீட்டரும் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள மனசு நாணயம் பக்கம் போகுது. பார்டோஷ்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு 350,757 தடவை காசு சுண்டி, எந்தப் பக்கம் மேல வச்சு சுண்டினோமோ அதே பக்கம் 50.8 சதவீதம் விழுதுன்னு காட்டி 2024ல இதே இக் நோபல் வாங்கினாங்க. அங்கயும் சுண்டுற கைதான் விஷயம்னு தோணுது, அஞ்சு ரூபாய்க் காசு ஒரு டப்பா சேர்த்து வச்சிருக்கேன். ஆனா முதல்ல பாக்கி 21 ஃபோட்டோ. பொண்ணுக்கு அடுத்த வாரம் பரீட்சை, "மேல கீழ" சொல்ல ஆள் இல்ல, நானே சொல்லி நானே எழுதினா நிச்சயம் தப்பு வரும், அதனால அம்மாவைக் கேட்டிருக்கேன். அவங்க ஃபோட்டோவைப் பார்த்துட்டு "இதுக்கு ஏன்டா கணக்கு, கொடு நான் பிரிச்சுத் தரேன்"ங்கிறாங்க.