சாவியைப் பிடுங்கியும் நிற்காத எஞ்சின்

சாவி என் கையில். வண்டி மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் சீல் போய், எஞ்சின் ஆயிலையே காற்றோடு உறிஞ்சிக் குடிக்கும்போது டீசலை நிறுத்தி என்ன பயன்? தெரு முழுக்கப் புகை. எதிர்வீட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார். டாப் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து கிளட்சை விட்டிருந்தால் அப்போதே அணைந்திருக்கும், பதற்றத்தில் தோன்றவில்லை. மெக்கானிக் அண்ணன்தான் ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, எஞ்சினுக்குக் காற்று போகும் வாயைப் பலகையால் அமுக்கி அடைத்தார். கையை வைத்தால் உள்ளே இழுக்குமாம். இரண்டு குலுக்கு குலுக்கி நின்றது.

பிரித்துப் பார்த்தால், பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் ராடின் அடிமுனையில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் செம்பு தெரியத் தேய்ந்திருக்கிறது. கிராங்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு. மூன்றாவது ராடு லேசாக வளைசல். கிராங்கை 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட்டோம். அப்புறம் லைனர், பிஸ்டன், ரிங், புது டர்போ. செலவை மட்டும் கேட்காதீர்கள்.

டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கவிழ்த்ததும் ஒரு டம்ளர் ஆயில் வடிந்தது. அதைக் கழுவாமல் பூட்டினால் புது எஞ்சினும் இதே ஆட்டம் ஆடும் என்றார் அண்ணன். நேற்று ஸ்டார்ட் செய்தபோது பலகையோடுதான் பக்கத்தில் நின்றேன்.