ஒன்பதும் பதினேழும்

ஜூலை 8

தீர்ப்பின் சான்றிட்ட நகல் இன்று கைக்கு வந்தது. பாதை வழக்கில் தோற்றது பழைய செய்தி; எதனால் தோற்றோம் என்பது இன்றுதான் தெரிந்தது. ஒன்பதாம் பத்தியில், 1978-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் வா.சா.ஆ.4 (வாதியான எங்கள் தரப்புச் சான்றாவணம் 4) எனக் குறியீடு செய்யப்பட்டதாக இருக்கிறது. பத்தடி அகலத்தில் பாதைப் பாத்தியம் உண்டு என்று தெளிவாக எழுதியிருக்கும் பத்திரம் அது. பதினேழாம் பத்தியிலோ, பாதை உரிமையைக் காட்டும் ஆவணம் எதையும் வாதி தரப்பு தாக்கல் செய்யவில்லையாம். இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்து!

ஜூலை 9

"மேல்முறையீடு போட்டுவிடலாம்" என்றார் அண்ணன். வக்கீல் சார் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதலில் மறுஆய்வு மனு போடுவோம் அம்மா" என்றார். தீர்ப்பளித்த நீதிமன்றத்தையே அதை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பது அது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 47, விதி 1. எவ்வளவு முயன்றும் முன்பு கிடைக்காத முக்கியமான புதுச் சான்று, பதிவேட்டின் முகப்பிலேயே தெரியும் பிழை, இவற்றையொத்த போதிய காரணம் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள் கெடு. நகல் வாங்க ஆன காலம் இந்தக் கெடுவில் சேராது.

தீர்ப்பளித்த நீதிபதி அதே நீதிமன்றத்தில் இருந்தால் மனுவும் அவரிடமே போகும். "நீங்கள் கவனிக்கவில்லை" என்பதை அவரிடமே, அதுவும் பணிவாகச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை.

ஜூலை 11

மனதில் இருந்ததையெல்லாம் எழுதிக்கொண்டு போனேன். சாட்சி சொன்னதை நம்பாதது, இடத்தைப் பார்த்துவர நீதிமன்றம் அனுப்பிய வழக்கறிஞர் ஆணையரின் அறிக்கையை ஒதுக்கியது, எதிர்த்தரப்பு இழுத்தடித்தது என்று பக்கம் பக்கமாக. வக்கீல் சார் சிவப்புப் பேனாவை எடுத்தார். சாட்சி போனது. ஆணையர் போனார். என் ஆத்திரமும் போனது.

"இதையெல்லாம் மேல்முறையீட்டில் வைத்துக்கொள்வோம். நீட்டி வாதாடித்தான் காட்ட முடியும் என்றால் அது முகப்பில் தெரியும் பிழை இல்லை" என்றார். உச்ச நீதிமன்றம் 1997-இல் பார்சியன் தேவி வழக்கில் சொன்னதும் இதுதானாம். முதல் தீர்ப்பு வெளிப்படையாகவே கோணலாக இல்லாதபோது மறுஆய்வு கேட்பது நிலாவைக் கேட்பதற்குச் சமம் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியிருக்கிறார் என்றும் சொன்னார். நான் பாதையைத்தான் கேட்கிறேன்.

கடைசியில் மிஞ்சியவை ஒன்பதாம் பத்தியும் பதினேழாம் பத்தியும் மட்டும். மூன்று பக்கம்கூட வரவில்லை. ஆனால் படித்துப் பார்த்தபோது, என் மூட்டையைவிட இதற்குத்தான் பதில் சொல்வது கடினம் என்று தோன்றியது.

ஜூலை 12

தீர்ப்பின் முடிவை முறைப்படி எழுதும் தீர்ப்பாணையின் சொத்து விவரத்தில் சர்வே எண்ணும் தவறாகத் தட்டச்சாகியிருக்கிறது. அதற்கு மறுஆய்வு தேவையில்லை. அதே சட்டத்தின் பிரிவு 152-இன் கீழ் ஒரு திருத்த மனு போதும், கெடுவும் இல்லை.

ஜூலை 15

சித்தப்பா மகன் வந்திருந்தான். ஓர் உத்தரவை மாற்றக் கேட்டு அவன் போன அரசு அலுவலகத்தில், "போட்ட உத்தரவை நாங்களே மாற்ற முடியாது" என்று கைவிரித்துவிட்டார்களாம். தட்டிக்கழிக்கிறார்கள் என்று கொதித்தான். வக்கீல் சாரிடம் கேட்டால், அது சாக்காக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்கிறார். மறுஆய்வு அதிகாரம் தானாக வருவதில்லை, சட்டம் கொடுத்திருக்க வேண்டும் என்று 1970-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்தச் சட்டத்தின் கீழ் உத்தரவு போட்டார்களோ அதை எடுத்து, மறுஆய்வா மேல்முறையீடா என்று பார்க்கச் சொன்னோம். முணுமுணுத்துக்கொண்டே போனான்.

ஜூலை 18

மறுஆய்வு மனு தாக்கலாகிவிட்டது. மேல்முறையீடு அடுத்த வாரம். இந்த வரிசை முக்கியம்: மேல்முறையீட்டை முதலில் போட்டுவிட்டால் மறுஆய்வு கேட்க முடியாது. மறுஆய்வு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக மேல்முறையீட்டுக் கெடுவும் தானாக நிற்காது.

ஆகஸ்ட் 2

மனு அழைக்கப்பட்டது. வக்கீல் சார் இரண்டு பத்தி எண்களை மட்டும் சொன்னார். நீதிபதி ஒன்பதைப் படித்தார், பதினேழுக்குப் போனார், மறுபடி ஒன்பதுக்கு வந்தார். "வழக்கின் மூல ஆவணக் கட்டுக்குள் இந்த ஆவணம் இருக்கிறதா?" என்று கேட்டார். எழுத்தர் கட்டைப் பிரித்து, ஓரம் பழுத்த பத்திரத்தை மேலே நீட்டினார். நீதிபதியின் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டார். அவர்களைக் கேட்காமல் மனுவை அனுமதிக்க முடியாது.

தள்ளுபடியானால் அந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு இல்லை, இரண்டாவது மறுஆய்வும் இல்லை. மூலத் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு மட்டும் கையில் இருக்கும். அடுத்த வாய்தா ஆகஸ்ட் 23.